தொட்டி மீனை ஏரியில் விடலாமா?

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். குழுவில் நோட்டு எழுதுவேன், வங்கிக்குப் போய் வருவேன். மைக் பிடித்துப் பேசினது கிடையாது. கடன் வாங்கினேன், மாடு வாங்கினேன், முன்னேறினேன் என்று பேசுவேன் என நினைத்துத்தான் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருப்பார்கள். அதை எனக்குப் பின்னால் வருகிறவர்கள் நன்றாகவே பேசுவார்கள். நான் ஒரு மீனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்காதீங்க. அந்த மீனால் நம்ம கூட்டமைப்பில் ஒரு அக்கா தவணை கட்ட முடியாமல் நின்றார். அந்த மாதிரி மீனை எங்கள் ஊர் ஏரியில் விட்டவர்களில் நானும் ஒருத்தி.

நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மகன் ஆறாவது படித்துக்கொண்டிருந்தான். மீன் தொட்டி வேணும் என்று ஒரே அடம். செல்போனை விட்டு வேறு எதிலாவது கண் போனால் சரி என்று அவங்க அப்பா டவுனுக்குப் போய் ஒரு கண்ணாடித் தொட்டியும் நாலு தங்க மீனும் வாங்கி வந்தார். கண்ணாடியில் பாசி படியும், அதை இது தின்னுவிடும் என்று சொல்லிக் கடைக்காரர் இன்னும் இரண்டு குட்டி மீன் சேர்த்துக் கொடுத்திருந்தார். விரல் நீளம்தான் இருக்கும். கருப்பாக, உடம்பெல்லாம் புள்ளியாக, வாயைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கடைகளில் அதைச் சக்கர் மீன் என்கிறார்கள். டேங்க் கிளீனர் என்றும் சொல்வார்கள்.

தங்க மீன் ஒவ்வொன்றாகச் செத்துப் போனது. சக்கர் மீன் இரண்டும் வளர்ந்தது, வளர்ந்துகொண்டே இருந்தது. ஒரு வருஷத்தில் தொட்டிக்குள் திரும்பக்கூட அதுக்கு இடம் போதவில்லை. வீட்டில் வளர்த்த ஜீவனைக் கொல்ல மனசு வருமா? அந்த ஆடிப்பெருக்கு அன்றைக்குக் கலந்த சாதம் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஏரிக்கரைக்குப் போனோம். நான்தான் சொன்னேன், "பாவம்டா, ஏரியில விட்டுடு, அதுவாவது நிம்மதியா பிழைச்சுப் போகட்டும்" என்று. பக்கெட்டில் கொண்டுபோய் மதகுப் பக்கம் விட்டோம். பையன் கை தட்டினான். புண்ணியம் பண்ணின மாதிரி வீடு வந்து சேர்ந்தேன்.

அதை நான் மறந்தே போய்விட்டேன். இந்த வருஷம் மாசி மாதக் குழுக் கூட்டத்தில்தான் ஞாபகம் வந்தது. எங்கள் குழுவில் இருக்கும் ஒரு அக்காவின் வீட்டுக்காரர் இன்னும் நாலு பேரோடு சேர்ந்து எங்கள் ஏரியின் மீன்பாசி ஏலம் எடுத்திருந்தார். வலை வாங்குவதற்கு அக்கா குழுவில் கடன் வாங்கியிருந்தார். ஒரு மாதம்கூடத் தவணை தவறாதவர், அன்றைக்குப் பணம் கொண்டு வரவில்லை. மஞ்சப் பையிலிருந்து ஒரு வலைத் துண்டை எடுத்து நடுவில் போட்டார். தாறுமாறாகக் கிழிந்திருந்தது.

"முள்ளு முள்ளா ஒரு மீனு சிக்குது. செதில் இல்ல, ஓடு மாதிரி இருக்குது. வலையை அறுத்தாத்தான் அதை எடுக்க முடியும். கையெல்லாம் கிழிக்குது. வித்தா அஞ்சு ரூபாய்க்குக்கூட வாங்க ஆள் இல்ல. கெண்டை கட்லா விழுற இடத்துல எல்லாம் இதுதான் விழுது" என்றார். செல்போனில் படம் காட்டினார்.

படத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கருப்பு உடம்பு, புள்ளி, ஒட்டுகிற வாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு தவணை தள்ளி வைக்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று தீர்மான நோட்டில் எழுதினேன். வாயைத் திறக்கவில்லை.

என் நாத்தனார் மகள் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படிக்கிறாள். கோடை லீவுக்கு வந்தபோது அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் உங்களுக்குச் சொல்கிறேன்.

இந்த மீனுக்குச் சொந்த ஊர் தென் அமெரிக்கா. அங்கே இருக்கும் ஆறுகளில் இதைப் பிடித்துத் தின்னும் பிராணிகள் உண்டு. நம்ம ஏரியில் இதுக்கு எதிரி என்று சொல்லிக்கொள்ள பெரிதாக ஒன்றும் இல்லை. உடம்பு முழுக்க எலும்புத் தகடு. துடுப்பில் முள். கொக்கும் நாரையும் விழுங்கப் பார்த்தால் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். ஒன்றரை அடி வரைக்கும் வளரும். தண்ணியில் காற்று குறைந்தாலும் மேலே வந்து வாயால் காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். கரையில் தூக்கிப் போட்டாலும் மணிக்கணக்கில் சாகாது. நாம் அந்தப் பக்கம் திரும்பினதும் நெளிந்து நெளிந்து தண்ணிக்கே போய்விடும்.

இன்னொரு விஷயம் கேட்டதும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. முட்டை வைப்பதற்கு இது கரை மண்ணைக் குடைந்து வளை போடுமாம். மீன் நிறைய ஆனால் வளையும் நிறைய ஆகும், கரை மண் சரியும். நம்ம ஏரிக்கரை மண்கரை. அந்தக் கரையை நம்பித்தான் கீழே நம்ம வயலும் வீடும் இருக்கிறது.

மெக்சிகோ நாட்டில் இன்பியர்னிலோ என்று ஒரு பெரிய அணை. அங்கே ஜிலேபி மீன் பிடித்தே ஏகப்பட்ட குடும்பம் பிழைத்தது. அந்தத் தண்ணிக்குள் இந்த மீன் புகுந்த பிறகு, வலையில் விழுவதில் பெரும்பங்கு இதுவாகவே ஆகிப் போனது. பிழைப்பு போய் ஜனங்கள் தவித்தார்கள். நம் நாட்டிலும் தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா, மேற்கு வங்காளம் என்று பல மாநிலங்களில் இது வந்துவிட்டது. ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி. என்று ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏரியிலிருந்து கொஞ்சம் தண்ணி மொண்டு வந்து பரிசோதித்தே அதில் எந்த மீன் இருக்கிறது என்று அவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அப்படிச் சோதித்ததில் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்து நீர்நிலைகள் பலவற்றில் இந்த மீன் இருப்பது தெரிந்திருக்கிறது.

இப்போது நீங்கள் ஒன்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மீனுக்குக் கால் இல்லை. நம்ம ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும், சரி. ஆனால் கால்வாயே இல்லாத, ஒன்றோடு ஒன்று சேராத ஏரிகளுக்கெல்லாம் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

அவள் சிரித்துக்கொண்டே, "நீங்க பக்கெட்ல கொண்டு போன மாதிரிதான் அத்தை" என்றாள்.

ரொம்ப இடத்தில் இதுதான் காரணமாம். வயிற்றுப் பிழைப்புக்காகக்கூட இல்லை. பொழுதுபோக்குக்காக நாம் செய்கிற சின்னச் சின்ன காரியத்தில்தான் ஒரு ஏரியில் இருக்கிறது இன்னொரு ஏரிக்குப் போகிறது. படிக்காதவர்கள், கிராமத்துக்காரர்கள் மட்டும் இதைச் செய்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் நடந்த கதையைக் கேளுங்கள்.

அங்கே கடல் மாதிரிப் பெரிய ஏரிகள் இருக்கின்றன. 1988-ல் அங்கே செயின்ட் கிளேர் என்ற ஏரியில் ஒரு புது மட்டியைக் கண்டுபிடித்தார்கள். நம்ம விரல் நகம் அளவுதான் இருக்கும். வரிக்குதிரை மாதிரி கோடு போட்டிருப்பதால் வரிக்குதிரை மட்டி என்று பெயர். ஐரோப்பாப் பக்கமிருந்து வந்த கப்பலில், பாரத்துக்காக அடியில் நிரப்பி வைத்திருந்த தண்ணியோடு வந்து சேர்ந்தது. அதுவரைக்கும் கப்பல் செய்த தப்பு. ஆனால் கப்பல் போகாத உள்நாட்டு ஏரிகளுக்கும் அது சில வருஷத்திலேயே போய்விட்டது. எப்படி? அங்கே ஜனங்கள் சனி ஞாயிறு ஆனால் சொந்தப் படகைக் காருக்குப் பின்னால் வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போவார்கள். இந்த வாரம் ஒரு ஏரி, அடுத்த வாரம் இன்னொரு ஏரி. படகின் அடியில் ஒட்டியிருக்கும் மட்டி, வண்டியில் சிக்கியிருக்கும் பாசி, மீன் போடுகிற பெட்டியில் மிச்சம் இருக்கும் தண்ணி, எல்லாம் கூடவே போகும். அந்த மட்டியின் குஞ்சு கண்ணுக்கே தெரியாது. ஒரு குவளைத் தண்ணி மிச்சம் இருந்தாலும் அதில் போய்விடும். பெரிய மட்டி தண்ணிக்கு வெளியேயும் சில நாள் உயிரோடு இருக்கும்.

1989-ல் மன்ரோ என்ற ஊருக்குக் குடிதண்ணி வரும் குழாயை இந்த மட்டி அடைத்துக்கொண்டு ஊரே தண்ணி இல்லாமல் திண்டாடியது. 2007-ல் இதனுடைய இன்னொரு வகை மட்டியை, அந்தப் பெரிய ஏரிகளிலிருந்து 2000 கிலோமீட்டருக்கும் அப்பால், பாலைவனத்து நடுவில் இருக்கும் மீட் ஏரியில் பார்த்தார்கள். லாஸ் வேகாஸ் நகரத்துக்குத் தண்ணி தருகிற ஏரி அது. நடுவில் ஆறும் இல்லை, கால்வாயும் இல்லை. ரோட்டு வழியாக, யாரோ உல்லாசத்துக்கு இழுத்துக்கொண்டு வந்த படகில்தான் வந்திருக்க வேண்டும் என்றார்கள்.

மீன் தொட்டி வழியாகவும் வந்தது. 2021-ல் அங்கே மீன் கடைகளில் அழகுக்காக விற்கிற பாசி உருண்டைக்குள் இந்த மட்டி இருந்தது. கடையில் வேலை செய்த ஒருவர் கண்ணில் பட்டு, அவர் அரசாங்கத்துக்குத் தகவல் சொன்னார். உடனே பல மாநிலங்களில் கடைகளில் இருந்ததை எல்லாம் திரும்ப எடுத்தார்கள். பாருங்கள், ஆராய்ச்சி செய்கிறவர் இல்லை, கடையில் வேலை பார்க்கிற ஒருத்தர்தான் முதலில் கவனித்தார். நம்ம மாதிரி ஆள்தான்.

அவ்வளவு தூரம் எதற்கு? நம்ம ஊர்க் குளத்தை மூடிக் கிடக்கிறதே ஆகாயத்தாமரை, அதுவும் தென் அமெரிக்காச் செடிதான். ஊதாப் பூ அழகாக இருக்கிறது என்று 100 வருஷத்துக்கும் முன்னால் வங்காளத்துக்குக் கொண்டு வந்தார்கள். தோட்டத்துத் தொட்டியில் வைத்து ரசிக்கத்தான். அது வெளியே போய், படகு விட முடியாமல், மீன் பிடிக்க முடியாமல், 1936-ல் அங்கே அதை ஒழிக்கத் தனியாகச் சட்டமே போட வேண்டி வந்தது. இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகப் பெருகக்கூடிய செடி அது. நூறு நாள் வேலையில் அதை அள்ளி அள்ளி இடுப்பு ஒடிந்தவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஒருத்தர் கண்ணுக்கு அழகாக இருந்த பூவுக்கு நம்ம இடுப்பு பதில் சொல்கிறது.

குழந்தைகளுக்கு வாங்கித் தருகிற குட்டி ஆமையும் அப்படித்தான். காதோரம் சிவப்புக் கோடு இருக்கும். வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும். வளர்ந்தால் ஒரு அடி ஆகும். பல வருஷம் உயிரோடு இருக்கும். சலித்துப் போய்க் குளத்தில் விடுகிறார்கள். அது நம்ம ஊர் ஆமையின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கேரளாவில் நீர்நிலைகளில் அதைப் பிடித்திருக்கிறார்கள்.

இப்போது நம்ம பிள்ளைகளை யோசித்துப் பாருங்கள். லீவு நாளில் பைக்கில் தூண்டிலும் கைவலையும் எடுத்துக்கொண்டு ஒரே நாளில் இரண்டு மூன்று ஏரிக்குப் போகிறார்கள். ஒரு ஏரியில் பிடித்த குட்டி மீனை உயிரோடு பாட்டிலில் போட்டுக்கொண்டு போய் அடுத்த ஏரியில் தூண்டிலில் மாட்டுகிறார்கள். மிச்சத்தை அங்கேயே கொட்டிவிட்டு வருகிறார்கள். ஈரவலையில் ஆகாயத்தாமரைத் துண்டு சிக்கியிருக்கும். அமெரிக்காக்காரன் காருக்குப் பின்னால் படகைக் கட்டி இழுத்தான், நம்ம பிள்ளை பைக்கில் பாட்டிலைத் தொங்க விடுகிறான். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதையெல்லாம் கேட்ட பிறகு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அன்றைக்குக் கூட்டத்தில் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "நீ ரெண்டு விட்டே. டவுன்ல இருந்து வந்து எத்தனை பேரு விட்டாங்களோ. உன்னைத் திட்டி என்ன ஆவப் போவுது? இனிமே யாரும் விடாம இருக்க வழி பாரு" என்றார். கோபம் இல்லாமல் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் டீ போட்டுக் கொடுத்தார்.

அதனால்தான் இன்றைக்கு மைக் கேட்டு வாங்கினேன். ஒரு ஏரிக்குள் புகுந்து பெருகிவிட்ட பிறகு இந்த மீனை அடியோடு ஒழிப்பது ரொம்ப ரொம்பக் கஷ்டம். வராமல் தடுப்பது சுலபம், காசும் ஆகாது. அமெரிக்காவில் மினசோட்டா என்ற மாநிலத்தில் ஏரியை விட்டுப் படகை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது செடி கொடியைச் சுத்தம் பண்ணி, தண்ணியை வடித்துவிட்டுத்தான் போகணும் என்று சட்டமே இருக்கிறது. சுத்தம் பண்ணு, தண்ணியை வடி, காய வை. அவ்வளவுதான் அவர்கள் சொல்லிக் கொடுக்கும் பாடம். நம்ம ஊருக்குத் தகுந்த மாதிரி நாங்கள் எங்கள் குழுவில் பேசி முடிவு செய்ததைச் சொல்கிறேன். உங்கள் குழுவிலும் பேசிப் பாருங்கள்.

முதலாவது, தொட்டியில் வளர்க்கிற மீன், ஆமை, நத்தை, செடி எதையும் ஏரி, குளம், கிணறு, கால்வாய், சாக்கடை எதிலும் விடக்கூடாது. ஆடிப்பெருக்கு ஆனாலும் சரி, புண்ணியம் என்று யார் சொன்னாலும் சரி. வளர்க்க முடியாவிட்டால் வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் தொட்டி வைத்திருக்கிற வேறு வீட்டுக்குக் கொடுங்கள். நான் டவுன் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். முதலில் முடியாது என்றார். நாலு பேராகப் போய்ப் பேசின பிறகு, காசு தர மாட்டேன், மீனை வாங்கிக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். அது போதும்.

இரண்டாவது, வாங்குவதற்கு முன்னாலேயே கேளுங்கள். "இது எவ்வளவு பெரிசா வளரும்? எத்தனை வருஷம் இருக்கும்?" என்று. புடவை வாங்கும்போது சாயம் போகுமா என்று கேட்கிறோம் இல்லையா, அது மாதிரி.

மூன்றாவது, தொட்டி கழுவுகிற தண்ணியைச் செடிக்கோ மரத்துக்கோ ஊற்றுங்கள். கழித்துப் போடுகிற தொட்டிச் செடியை வெயிலில் நன்றாகக் காய வைத்துக் குப்பைக் குழியில் போடுங்கள்.

நான்காவது, ஒரு ஏரியில் போட்ட வலை, தூண்டில், பக்கெட்டை அந்த ஏரிக்கரையிலேயே உதறி, தண்ணியைக் கொட்டிவிட்டு, வீட்டில் வெயிலில் மொறமொறவென்று காய வைத்த பிறகுதான் அடுத்த ஏரிக்கு எடுத்துப் போகணும். ஒரு ஏரியில் பிடித்த உயிர் மீனை இன்னொரு ஏரியில் விடவே கூடாது. இதை நாம் நம்ம பிள்ளைகளிடம்தான் சொல்லணும். வீட்டில் அம்மா சொன்னால்தான் கேட்பார்கள். கேட்காவிட்டால் சோறு போடும்போது இன்னொரு தடவை சொல்லுங்கள்.

ஐந்தாவது, வலையில் சக்கர் மீன் விழுந்தால் திரும்பத் தண்ணியில் வீசாதீர்கள். கரையிலும் போட்டுவிட்டு வராதீர்கள். கரையை விட்டுத் தள்ளிக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். போட்டோ எடுத்து மீன்வளத் துறை அலுவலகத்தில் காட்டித் தகவல் சொல்லுங்கள்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. நம்ம கூட்டமைப்பில் ஏரி, குளம் இல்லாத ஊரிலிருந்து வந்த குழு எதுவும் இல்லை. ஒவ்வொரு குழுவும் அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். "தொட்டி மீனை ஏரியில் விட மாட்டோம்" என்று. மாசி மாதம் நான் தலையைக் குனிந்துகொண்டு ஒரு வரி எழுதின அதே நோட்டில், போன மாதம் இந்த வரியை எழுதினேன். கையெழுத்துப் போட்ட பன்னிரண்டு பேரில் அந்த அக்காவும் இருக்கிறார்.

தள்ளி வைத்த தவணையை அவர் கட்டிவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பொருளாளர் அக்கா கவலைப்படுவார்கள்.

என் பையன் இப்போது மீன் தொட்டியில் மண் போட்டுக் கீரை விதைத்திருக்கிறான். முளைத்திருக்கிறது.

தப்பாக ஏதும் பேசியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.